பூனைக்குட்டிகளின் மரபுவழி நரம்புச் சிதைவு நோய்கள்

பூனைக்குட்டிகளின் மரபுவழி நரம்புச் சிதைவு நோய்கள் என்பன, தாய் தந்தை ஆகிய இரு பூனைகளிடமிருந்தும் பெறப்படும் மரபணுக் குறைபாட்டினால், பிறந்த சில வாரங்கள் அல்லது மாதங்களில் மூளையும் தண்டுவடமும் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்களின் தொகுதியாகும். பிறக்கும்போது நலமாகத் தோன்றும் குட்டி, ஓடியாடும் பருவத்தில் தலை நடுங்கத் தொடங்கிப் பின்னர் தள்ளாடி, இறுதியில் எழ முடியாத நிலையை அடைகிறது. இத்தொகுதியில் மிகவும் விரிவாக ஆராயப்பட்டவை கேங்கிலியோசைடு தேக்க நோய்கள் ஆகும். இவை மனிதக் குழந்தைகளுக்கு வரும் டே-சாக்சு, சாண்டாஃபு முதலிய நோய்களுக்கு ஒப்பானவை. பூனைகளில் செய்யப்பட்ட ஆய்வுகளே குழந்தைகளுக்கான மரபணுச் சிகிச்சைக்கு வழிவகுத்தன.

இந்நோய்கள் அரியவை. நடுங்கும் குட்டிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேறாக இருக்கும். அவற்றுள் சில எளிதில் குணப்படுத்தத் தக்கவை. ஒன்று மனிதருக்கும் உயிர் ஆபத்தானது. இவை கீழே தனிப்பகுதியில் விளக்கப்பட்டுள்ளன.

உயிரணுவினுள் நிகழ்வது

ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் லைசோசோம் எனப்படும் சிறு பைகள் உள்ளன. பயன்பாடு முடிந்த கொழுப்புகளையும் சர்க்கரைத் தொடர்களையும் நொதியங்களால் வெட்டிச் சிதைத்து மறுபயன்பாட்டுக்கு அனுப்புவது இவற்றின் பணி. பெல்சிய அறிவியலாளர் கிறித்தியான் டி டூவே 1955இல் இவற்றைக் கண்டறிந்தார். அவருக்கு 1974ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கேங்கிலியோசைடு என்பது நரம்பணுக்களின் மேலுறையில் மிகுதியாகக் காணப்படும் கொழுமியம். செருமானிய வேதியியலாளர் எர்ன்சுட்டு கிளெங்கு 1942இல் இப்பெயரை இட்டார். ஒரு கொழுப்பு வேரின் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் மணிகள் போலக் கோக்கப்பட்டிருப்பதாக இதனைக் கற்பனை செய்துகொள்ளலாம். சிதைவு நுனியிலிருந்து ஒவ்வொரு மணியாகவே நடைபெறும். ஜி.எம்.1 எனப்படும் கேங்கிலியோசைடின் நுனி மணியை பீட்டா-கேலக்டோசிடேசு என்னும் நொதியம் வெட்ட, அது ஜி.எம்.2 ஆகிறது. ஜி.எம்.2இன் நுனி மணியை எக்சோசமினிடேசு-ஏ என்னும் நொதியம் வெட்ட, அது ஜி.எம்.3 ஆகிறது. இவ்வாறே வேலை தொடர்கிறது. தொழிற்சாலையின் வரிசைப் பணியில் ஓர் ஆள் வராவிடில் அவருக்கு முந்தைய இடத்தில் சரக்கு குவிவது போல, ஒரு நொதியம் இல்லையெனில் அதற்கு முந்தைய பொருள் லைசோசோமிலேயே தங்கிவிடுகிறது. முதல் நொதியம் இல்லாதது ஜி.எம்.1 தேக்க நோய். இரண்டாவது இல்லாதது ஜி.எம்.2 தேக்க நோய்.

ஈரல், தோல் முதலியவற்றின் உயிரணுக்கள் பழுதானால் புதியவை தோன்றும். நரம்பணுக்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ஒன்றே. ஆகவே தேங்கும் பொருள் நாளுக்கு நாள் கூடி, நரம்பணு வீங்கி, அதன் கிளைகள் உருமாறி, இறுதியில் இறக்கிறது. பிறக்கும்போது குட்டி நலமாக இருப்பதன் காரணமும் இதுவே. குறைபாடு கருவிலேயே உண்டு. தேக்கம் அறிகுறி காட்டும் அளவை எட்டுவதற்குச் சில வாரங்கள் ஆகின்றன.

எக்சோசமினிடேசு-ஏ நொதியம் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு துணையலகுகளால் ஆனது. ஆல்ஃபா பழுதானால் மனிதரில் டே-சாக்சு நோய் உண்டாகும். பிரித்தானியக் கண் மருத்துவர் வாரன் டே 1881இலும் அமெரிக்க நரம்பியலாளர் பெர்னார்டு சாக்சு 1887இலும் இதனை விவரித்தனர். பீட்டா பழுதானால் உண்டாவது சாண்டாஃபு நோய். இது 1968இல் கொன்ராடு சாண்டாஃபு என்பாரால் விவரிக்கப்பட்டது. பூனைகளில் அறியப்பட்ட ஜி.எம்.2 நோய்கள் பெரும்பாலும் சாண்டாஃபு வகையைச் சேர்ந்தவை. நொதியம் நலமாக இருந்தும் அதற்குத் துணைபுரியும் தூண்டு புரதம் இல்லாத மற்றொரு வகையும் பூனைகளில் உண்டு. டே-சாக்சு வகையை இயற்கையாகக் கொண்ட விலங்கு யாக்கோபு செம்மறி என்னும் ஆட்டினம்.

அறிகுறிகள்

ஜி.எம்.1 நோயில் குட்டி ஏறத்தாழ மூன்றரை மாத வயது வரை இயல்பாக வளரும். முதலில் தெரிவது தலையின் மெல்லிய நடுக்கம். உணவுத் தட்டை நோக்கிக் குனியும்போது இது கூடும். பின்கால்களை அகற்றி வைத்து நடத்தல், தாவும்போது இலக்குத் தவறுதல், படியேற முடியாமை ஆகியன அடுத்து வரும். சிறு ஒலிக்கும் உடல் துள்ளும். சிகிச்சை பெறாத குட்டிகள் ஏறத்தாழ எட்டு மாத வயதில் நிற்க இயலாத நிலையை அடைகின்றன.

ஜி.எம்.2 நோய் இதனினும் விரைவானது. ஆறு, ஏழு வார அளவிலேயே நடுக்கம் தொடங்கி, நான்கரை மாத அளவில் முடிந்துவிடுகிறது. இரு நோய்களிலும் விழிவெண்படலம் சற்று மங்கலாகலாம். பின்னர் பார்வை குறைவதும் வலிப்பு வருவதும் உண்டு. டே-சாக்சு நோயுள்ள குழந்தைகளின் விழித்திரையில் மருத்துவர் காணும் செம்புள்ளி பூனைகளில் காணப்படுவதில்லை. பூனையின் விழித்திரையில் மனிதருக்குள்ளது போன்ற மையக்குழி இல்லாமையே காரணம்.

உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய முதன்மையான பண்பு, அறிகுறியின் வகையைவிட அதன் போக்கு ஆகும். சென்ற வாரம் ஏற முடிந்த நாற்காலியில் இந்த வாரம் ஏற முடியவில்லை என்பது மருத்துவருக்கு மிகவும் பயனுள்ள செய்தி. வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் குட்டி நடப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்தால், நோய் வளர்வதா நிலையானதா என்பது எந்தக் கருவியுமின்றித் தெளிவாகும்.

பிற வகைகள்

பாரசீகப் பூனைகளில் ஆல்ஃபா-மேனோசைடு தேக்க நோய் அறியப்பட்டுள்ளது. தொடர்புடைய மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பது 1997இல் கண்டறியப்பட்டது. இந்நோயுள்ள குட்டிகளுள் பல இறந்தே பிறக்கின்றன அல்லது பிறந்த சில நாட்களில் மடிகின்றன. பிழைத்தவற்றில் ஈரல் வீக்கம், எலும்பு உருமாற்றம், விழியாட்டம், தள்ளாட்டம் ஆகியன தோன்றும். இவை ஆறு மாதத்துக்கு மேல் வாழ்வது அரிது. தமிழ்நாட்டில் விலைகொடுத்து வாங்கப்படும் பூனைகளுள் பாரசீக இனமும் அதன் கலப்பும் மிகுதி. ஆகவே சயாமிய இனத்தின் நோயைவிட இதுவே இங்கு நினைவில் கொள்ளத் தக்கது. குட்டிகள் கைமாறுவது பெரும்பாலும் எட்டு வார அளவில். நரம்பு அறிகுறிகள் வெளிப்படுவதும் ஏறத்தாழ அப்பொழுதே. விற்றவர் அறியாமலும் வாங்கியவர் அறியாமலும் நோய் வீடு மாறிவிடக்கூடும்.

நீமன்-பிக்கு நோயின் இரு வகைகள் பூனைகளில் உண்டு. அவற்றுள் சி வகையில் கொழுப்பு உயிரணுவினுள் இடம்பெயர முடியாமல் தேங்குகிறது. நார்வே காட்டுப் பூனையில் கிளைகோசன் தேக்க நோயின் நான்காம் வகை காணப்படுகிறது.

மெயின் கூன் இனத்தின் தண்டுவடத் தசைநலிவு நோய் இவற்றினின்றும் வேறுபட்டது. இதில் எதுவும் தேங்குவதில்லை. தசைகளை இயக்கும் தண்டுவட நரம்பணுக்கள் மட்டும் இறக்கின்றன. மூன்று, நான்கு மாதங்களில் பின்னுடல் ஆடி நடக்கும் நிலை தோன்றினாலும் வலியோ வலிப்போ இல்லை. மூளை நலமாகவே இருக்கும். இத்தகைய பூனைகள் வீட்டினுள் பல ஆண்டுகள் வாழ்ந்துள்ளன. மரபுவழி நரம்பு நோய் என்ற பெயரைக் கேட்டவுடன் குட்டியைக் கைவிடலாகாது என்பதற்கு இது சான்று.

மரபுவழி

மேற்கூறிய நோய்கள் யாவும் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகின்றன. ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகளாக உள்ளது. ஒரு படி பழுதாயினும் மற்றது போதிய நொதியத்தை ஆக்கிவிடும். அத்தகைய பூனை காவி எனப்படும். அது முழு நலத்துடன் வாழும். பார்த்து அறிய இயலாது. இரு காவிகள் இணைந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பும், காவியாக நான்கில் இரு பங்கும், இரு படிகளும் நலமாயிருக்க நான்கில் ஒரு பங்கும் வாய்ப்புண்டு. இது ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியே பொருந்தும் வாய்ப்பு. நான்கு குட்டிகளில் கட்டாயம் ஒன்று நோயுறும் என்று பொருளன்று. நோயுற்ற குட்டியின் உடன்பிறந்தவை நலமாகத் தோன்றினாலும், அவற்றுள் ஒவ்வொன்றும் காவியாக இருக்க மூன்றில் இரு பங்கு வாய்ப்புண்டு.

நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்தலின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் பத்தில் ஒரு பூனை காவி எனக் கொள்வோம். உறவற்ற இரு பூனைகள் இணைந்தால் இரண்டுமே காவியாக இருக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று; குட்டி நோயுற நானூறில் ஒன்று. மாறாக, தாய் மட்டும் காவியாக உள்ள ஓர் ஈற்றில் பிறந்த கடுவனையும் பெட்டையையும் இணைத்தால், இரண்டுமே காவியாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குட்டி நோயுற பதினாறில் ஒன்று. அதாவது இருபத்தைந்து மடங்கு மிகுதி. நிறமும் முடியும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே வீட்டுப் பூனைகளை இணைப்போர் இக்கணக்கை அறிந்திருப்பது நன்று.

இதே கணக்கு மனிதருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் தாய்மாமனையும் மாமன், அத்தை மக்களையும் மணக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இங்கு நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. குசராத்தைச் சேர்ந்த குடும்பங்களில் டே-சாக்சு நோயுற்ற குழந்தைகளை ஆராய்ந்தபோது ஒரே மரபணு மாற்றம் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. பல தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையரிடமிருந்து அது பரவியிருக்க வேண்டும்.

வரலாறு

1971இல் என்றி பேக்கரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சயாமியப் பூனைக்குட்டியில் பீட்டா-கேலக்டோசிடேசு நொதியம் இல்லாமையைக் கண்டு சயன்சு இதழில் வெளியிட்டனர். மனிதக் குழந்தையின் ஜி.எம்.1 நோய்க்கு இணையான நோய் விலங்கில் இருப்பது இதனால் தெரிய வந்தது. பூனைகளின் ஜி.எம்.2 நோய் 1977இல் அதே இதழில் விவரிக்கப்பட்டது. அக்குடும்பங்களின் வழிவந்த பூனைகள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வந்தன.

தாய்லாந்தின் கோராட்டுப் பூனை இவ்வரலாற்றில் தனியிடம் பெற்றது. நீல-சாம்பல் நிறமுடைய இவ்வினத்தின் இணை ஒன்று 1959இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மேலை நாடுகளில் உள்ள இவ்வினம் அன்று முதல் இறக்குமதியான சிறு எண்ணிக்கையிலான பூனைகளிலிருந்து பெருகியது. ஜி.எம்.1, ஜி.எம்.2 ஆகிய இரு நோய்களும் இவ்வினத்துள் இருந்தன. ஜி.எம்.2க்குக் காரணம் பீட்டா துணையலகின் மரபணுவில் ஒரேயோர் எழுத்து விடுபட்டமை என்பது 1994இல் தெரிந்தது. அதன் பின்னர் டி.என்.ஏ சோதனை கிடைத்தது. காவிகளை இணைசேர்க்காமல் தவிர்ப்பதற்கு வளர்ப்போர் முன்வந்தனர். மருந்தே இல்லாத நோயொன்றைச் சோதனையால் மட்டுமே கட்டுக்குள் கொண்டுவர இயலும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜி.எம்.1க்குக் காரணமான மாற்றம், மரபணுவின் 1448ஆம் எழுத்து ஜி என்பதிலிருந்து சி என மாறியது ஆகும். அமெரிக்காவின் சயாமியப் பூனைகளிலும் இத்தாலியின் கோராட்டுப் பூனைகளிலும் இதுவே இருந்தது. 2013இல் சப்பானின் ககோசிமா பல்கலைக்கழகமும் வங்காளதேச ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வங்காளதேசத்தின் வீட்டுப் பூனைகளிலும் இதே மாற்றம் கண்டறியப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்தைப் பொறுத்தவரை இது முதன்மையான செய்தி. இந்நோய் கண்காட்சிப் பூனைகளுக்கு மட்டும் உரியதன்று. பெயரில்லாத வீட்டுப் பூனையின் குருதியிலும் அது வந்து சேரக்கூடும்.

பிற நோய்களிலிருந்து பிரித்தறிதல்

தமிழ்நாட்டில் நடுங்கும் பூனைக்குட்டியைக் கண்டால் முதலில் எண்ண வேண்டியவை வேறு.

விசர்நோய் (வெறிநோய்) இவற்றுள் முதலாவது. நாய்க்கடியால் மட்டுமன்றிப் பூனையின் கடி, கீறல் வழியாகவும் இது மனிதருக்குத் தொற்றும். தடுப்பூசி போடாத, வெளியில் திரிந்த குட்டி திடீரெனத் தள்ளாடினாலோ, குரல் மாறினாலோ, எச்சில் வடித்தாலோ, காரணமின்றிக் கடித்தாலோ அதனை வெறுங்கையால் தொடுதல் கூடாது. கடியோ கீறலோ பட்டிருந்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்க வேண்டும். விசர்நோயில் நாட்கணக்கில் நிலை மோசமாகும். மரபு நோயில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மோசமாகும். எனினும் இவ்வேறுபாட்டை நம்பி வீட்டில் காத்திருப்பது அறிவுடைமையன்று.

மிகுதியாகக் காணப்படுவது சிறுமூளை வளர்ச்சிக் குறை. பான்லூக்கோபீனியா என்னும் வெள்ளணுக்குறை நோயின் தீநுண்மி, சினைப் பூனையின் வயிற்றிலுள்ள குட்டிகளின் சிறுமூளையைத் தாக்குவதால் இது உண்டாகிறது. குட்டி நடக்கத் தொடங்கும் நாளிலேயே தள்ளாட்டம் தெரியும். ஆனால் அது அதற்கு மேல் வளராது. குட்டி பழகிக்கொள்ளும், இயல்பான ஆயுளும் வாழும். தெருவில் பிறந்த ஓர் ஈற்றில் மூன்று குட்டிகள் ஒரே மாதிரி ஆடி நடந்தால் பெரும்பாலும் காரணம் இதுவே. வளரும் நோயெனத் தவறாகக் கருதி இத்தகைய குட்டிகளைக் கொன்றுவிடும் நிலை நேராதிருக்க, சில வாரங்கள் பொறுத்திருந்து பார்ப்பது இன்றியமையாதது.

தயமின் (உயிர்ச்சத்து பி1) குறைபாடு மற்றொன்று. சில வகை மீன்களின் பச்சை உடலில் தயமினைச் சிதைக்கும் நொதியம் உள்ளது. மீன்கடைக் கழிவுகளை மட்டுமே நாள்தோறும் பச்சையாக உண்ணும் பூனை தலையை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டு, கண்மணி விரிந்து, தள்ளாடி வலிப்புறும். தயமின் ஊசி போட்டால் ஓரிரு நாட்களில் தேறக்கூடும். மீனை வேகவைத்தால் அந்நொதியம் அழிந்துவிடும்.

நாய்களுக்கான உண்ணி மருந்தைப் பூனையின் மேல் ஊற்றுவதால் வரும் நடுக்கமும் உண்டு. பெர்மெத்திரின் என்னும் பூச்சிக்கொல்லி நாய்க்குக் கேடு செய்யாத அளவிலேயே பூனைக்கு நஞ்சாகும். பூனையின் ஈரல் அதனைச் சிதைக்க வல்லதன்று. மருந்து ஊற்றிய சில மணி நேரத்தில் உடல் முழுதும் துடிக்கத் தொடங்கும். உடனடி சிகிச்சை உயிர் காக்கும். இவையன்றி, பூனைகளின் தொற்றும் வயிற்றுறை அழற்சி (எஃப்.ஐ.பி) மூளையைத் தாக்கும்போதும், தாக்சோபிளாசுமா ஒட்டுண்ணியாலும் இதே தோற்றம் உண்டாகும். முன்னதற்கு ஜி.எசு.441524 என்னும் தீநுண்மி எதிர்ப்பு மருந்து பயன்படுகிறது. ஒரு காலத்தில் சாவு உறுதி எனப்பட்ட நோய் அது.

தமிழ்நாட்டுச் சூழல்

தெருப் பூனைகள் தாமே இணை தேடுவதாலும், கடுவன்கள் தொலைவு வரை திரிவதாலும், உறவற்ற இணைசேர்தல் அவற்றில் மிகுதி. ஆகவே ஒடுங்கு நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு குறைவு. சுற்றி அடைபட்ட குடியிருப்புகளில் நிலை சற்று வேறுபடலாம். நெய்வேலி நகரியத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் (2016 முதல் என்.எல்.சி இந்தியா நிறுவனம்) பணியாளர்களுக்காக அமைந்த இந்நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தோட்டத்துடன் கூடிய தனி வீடுகளை மிகுதியாகக் கொண்டது. பணி ஓய்வு பெறுவோர் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டும். இத்தகைய இடங்களில் வீட்டுக்காரர் மாறினாலும் தோட்டத்துப் பூனைகள் அங்கேயே தலைமுறைகளாகத் தங்கிவிடுவது வழக்கம். ஒருவர் வாங்கிவந்த சயாமியக் கலப்புக் கடுவன் ஒன்று வெளியில் திரிந்தால், சில ஆண்டுகளில் அதன் பேரக்குட்டிகள் தமக்குள்ளேயே இணைசேரும் நிலை வரலாம். நீலக்கண்ணும் கருத்த முகமும் கொண்ட குட்டிகள் தெருவில் தோன்றுவது இக்கலப்பின் வெளிப்படையான அடையாளம். இந்நிறமும் ஒடுங்கு பண்பே. நிறத்துக்கான மரபணு வேறு, நோய்க்கான மரபணு வேறு என்பதால் நீலக்கண் நோயின் அறிகுறியன்று. ஆயினும் இரு பெற்றோர் வழியும் சயாமியக் குருதி வந்துள்ளதை அது காட்டுகிறது.

சிறு ஊர்களின் கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடுகளை நோக்கமாகக் கொண்டவை. நரம்பு நோயுள்ள பூனையை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல நேரும். சென்னை வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. இதே பல்கலைக்கழகத்துக்கு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய இடங்களிலும் கல்லூரிகள் உள்ளன. கடலூர் மாவட்டத்தவருக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டையிலுள்ள இராசீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் அருகிலுள்ளது. தள்ளாடும் குட்டியைப் பேருந்தில் கொண்டுசெல்லும்போது காற்றுப்புகும் பெட்டியில் துணி விரித்து வைத்தல் நலம். மடியில் வைத்திருந்தால் வலிப்பின்போது கடிபட நேரலாம்.

நாய் வளர்ப்பு, விற்பனை ஆகியவற்றுக்கு 2017இல் நடுவண் அரசு விதிகள் வகுத்தது. பூனைகளை இணைசேர்ப்போருக்கு அதற்கு ஒப்பான விதிகள் வகுக்கப்படவில்லை. வாங்குவோரே கேட்டறிய வேண்டியுள்ளது: தாயும் தந்தையும் உடன்பிறந்தவையா, முந்தைய ஈற்றுகளில் குட்டிகள் காரணமின்றி இறந்தனவா, இறந்தே பிறந்தனவா என்னும் கேள்விகளுக்குச் செலவில்லை.

கண்டறிதல்

மேற்கூறிய பிற காரணங்களை நீக்கிய பின்னரே மரபு நோயைத் தேட வேண்டும். எளிய ஆய்வகத்திலும் கிடைக்கும் ஒரு தடயம் குருதிப் பூச்சு. ஜி.எம்.1, ஆல்ஃபா-மேனோசைடு தேக்க நோய் ஆகியவற்றில் நிணநீர் வெள்ளணுக்களினுள் வெற்றிடக் குமிழிகள் தெரியும். தேங்கிய பொருளால் வீங்கிய லைசோசோம்களே அவை. நுண்ணோக்கியும் பயின்ற கண்ணும் இருந்தால் போதும். அடுத்து வெள்ளணுக்களில் நொதியச் செயற்பாடு அளக்கப்படும். இறுதி முடிவு டி.என்.ஏ சோதனையால் கிடைக்கும். இதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுப்பதே போதுமானது. ஆனால் டி.என்.ஏ சோதனை ஏற்கெனவே அறியப்பட்ட மாற்றத்தை மட்டுமே தேடும். சாண்டாஃபு நோய்க்கே கோராட்டுப் பூனையில் ஒன்று, பர்மியப் பூனையில் மற்றொன்று, சப்பானிய வீட்டுப் பூனையில் வேறொன்று என மாற்றங்கள் வேறுபடுகின்றன. எனவே இன்ன மாற்றம் இல்லை என்னும் சோதனை முடிவு இன்ன நோய் இல்லை என்பதற்கு ஈடாகாது.

இறந்த குட்டியைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் பிணவாய்வு கோருவது பலருக்கு மனம் ஒப்பாத செயல். ஆயினும் அதே தாயிடம் அடுத்து பிறக்கவிருக்கும் குட்டிகளின் நலம் இதனால் அறியப்படும். விசர்நோய் இருந்ததா என்பதையும் இறந்த பின் மூளையை ஆய்ந்தே உறுதி செய்ய முடியும்.

பேணுதல்

குணப்படுத்தும் மருந்து வழக்கில் இல்லாத நிலையில், குட்டியின் நாட்களைத் துன்பமின்றிக் கழிக்கச் செய்வதே பேணுதலின் நோக்கம். வழுக்கும் தரையில் சாக்கு அல்லது பாய் விரித்தல், உணவையும் நீரையும் கவிழாத தட்டில் சற்று உயர்த்தி வைத்தல், மணல் தட்டின் விளிம்பைத் தாழ்வாக்குதல், கட்டில், மாடம், கிணற்றடி ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்தல் ஆகியன உதவும். திடீர் ஒலி துள்ளலை உண்டாக்குவதால் அமைதியான அறை நல்லது. வலிப்பு மருந்தை மருத்துவர் குறித்த அளவில் மட்டும் தர வேண்டும். மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் தரலாகாது. சிறு அளவும் கொல்லும்.

தானே உண்ண முடியாமலும் புரண்டு எழ முடியாமலும் போகும் நாளில் கருணைக்கொலை பற்றி மருத்துவருடன் பேசுவது இன்றியமையாததாகிறது. பட்டினியாகவோ தெருவிலோ விடுவதைவிட மயக்க ஊசியால் வலியின்றி முடிப்பது மேல் என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுக் கருத்து. ஜி.எம்.2இல் அந்நாள் வருவதற்குப் பெரும்பாலும் மூன்று மாதங்களே உள்ளன என்பதால், நோய் உறுதியானவுடன் இதனைப் பேசி வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பின்னர் தடுமாறுவதில்லை.

மரபணுச் சிகிச்சை

கோசே, பாம்பே முதலிய மனித லைசோசோம் நோய்களுக்கு நொதியத்தையே ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை உண்டு. ஆனால் அவ்வாறு செலுத்தப்படும் நொதியம் குருதி-மூளைத் தடையைக் கடப்பதில்லை. ஆகவே மூளை நோய்களுக்கு அது பயன்படவில்லை. ஆல்ஃபா-மேனோசைடு தேக்க நோயுள்ள பூனைகளுக்கு எலும்பு மச்சை மாற்றம் நற்பயன் தந்தமை 1994இல் வெளியானது. எனினும் எல்லா வகைகளுக்கும் அது உதவவில்லை.

லைசோசோம் நொதியங்களுக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. ஓர் உயிரணு ஆக்கும் நொதியத்தின் ஒரு பகுதி வெளியே கசிய, அண்டை உயிரணுக்கள் அதனை உள்வாங்கிப் பயன்படுத்திக்கொள்கின்றன. எனவே மூளையின் எல்லா உயிரணுக்களையும் திருத்த வேண்டியதில்லை. சிலவற்றைத் திருத்தினாலே போதும். கேடு விளைவிக்காத ஏ.ஏ.வி எனப்படும் தீநுண்மியினுள் நலமான மரபணுவை வைத்து, மூளையின் தாலமசு, சிறுமூளையின் உட்கருக்கள் ஆகிய இடங்களில் செலுத்தும் முறையை ஆபர்ன், மாசச்சூசெட்சு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் உருவாக்கினர். 2014இல் வெளியான முடிவின்படி, எட்டு மாதங்களே வாழக்கூடிய ஜி.எம்.1 பூனைகள் சிகிச்சைக்குப் பின் சராசரியாக 38 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தன. பின்னர் மூளையைத் துளைக்காமல் நரம்பூசி (சிரைவழி) மூலம் செலுத்தும் முறையும் பூனைகளில் பலன் தந்தது.

சுண்டெலியில் செய்யாமல் பூனையில் ஏன் செய்தனர் என்பதற்கு இரு காரணங்கள் உள்ளன. பூனையின் மூளை சுண்டெலியினுடையதைவிடப் பல பத்து மடங்கு பெரியது; மனித மூளையைப் போன்றே மடிப்புகள் கொண்டது. அன்றியும், டே-சாக்சு மரபணுவை நீக்கிய சுண்டெலி ஏறத்தாழ நலமாகவே வாழ்கிறது, அதனிடம் ஜி.எம்.2ஐச் சிதைக்க மாற்றுவழி ஒன்று உள்ளது. பூனைக்கும் குழந்தைக்கும் அவ்வழி போதிய அளவில் இல்லை. நோயுறும் எனத் தெரிந்தே குட்டிகளைப் பிறப்பிக்கும் இவ்வாய்வு முறைக்கு எதிர்ப்பும் உண்டு. அவ்வெதிர்ப்பைப் பொருளற்றது எனத் தள்ளிவிட முடியாது.

இப்பூனை ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, ஜி.எம்.1 நோயுள்ள குழந்தைகளுக்குச் சிரைவழி ஏ.ஏ.வி செலுத்தும் முதற்கட்ட ஆய்வு அமெரிக்கத் தேசிய நல நிறுவனத்தில் 2019இல் தொடங்கியது. டே-சாக்சு நோயுள்ள இரு குழந்தைகளுக்கு மரபணுச் சிகிச்சை அளித்த விவரம் 2022இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. அதற்கு முந்தைய சோதனைகளில் சாண்டாஃபு பூனைகளும் யாக்கோபு செம்மறிகளும் இடம்பெற்றிருந்தன. வீட்டில் வளரும் பூனைகளுக்கு இச்சிகிச்சை விற்பனைக்கு வரவில்லை.